பப்பாளி நிறத்தில் ஒரு டம்ளர்

ஒரு மனிதன் தன் சொந்தக் காலில் இரண்டு மாடி இறங்கித் தெருவில் போய் நிற்பதற்கு விலை ஐம்பது கிலோ. ஒரு கிராம் குறைந்தாலும் படியாது என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். வயது எழுபத்து மூன்று, இடுப்பு மூட்டில் முறிவு, உடம்பில் பெயருக்குத்தான் சதை. இப்படி ஓர் ஆளை ஆபரேஷன் மேஜையில் ஏற்ற முடியாதாம். ஐம்பதைத் தொட்டால் தேதி. தொடாவிட்டால் நாலு மாதம் கழித்து வந்து வரிசையில் கடைசி ஆளாக நிற்க வேண்டும்.

"நிக்க முடிஞ்சா நான் ஏன் டாக்டர் உங்ககிட்ட வர்றேன்?" என்று கேட்டார் பெரியவர்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரே விலைக் கடை நடத்துகிறவர்கள் சிரித்தால் விலை இறங்கிவிடும் என்று பயப்படுவார்கள்.

பெரியவர் நாற்பத்தைந்து வருடம் பழைய சாமான் வாங்கி விற்றவர். தையல் மெஷின், கதவு, மின்விசிறி, கால் போன நாற்காலி, கால் மட்டும் மிஞ்சிய மேஜை. யார் சொன்ன முதல் விலையையும் அவர் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. மணி என்ன என்று கேட்டு, எதிராளி பத்தரை என்றால், "பத்தேகால்னு வச்சுக்குவோம்" என்பவர். ஏழு மாதம் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து மகள் வீட்டின் இரண்டாவது மாடியில், ஜன்னலோர நாற்காலியில் அடைபட்டுக் கிடந்தார். வாக்கரை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் நாலடி நகரலாம், படி இறங்க முடியாது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கீழே யாராவது பழைய இரும்பு வாங்குகிறவனிடம் கிரைண்டரை அடிமாட்டு விலைக்குக் கொடுப்பதைக் கேட்டால் அவருக்கு இடுப்பை விட நெஞ்சுதான் அதிகம் வலிக்கும். "அம்மா, குடுக்காதீங்க! மோட்டார் மட்டுமே அதுக்கு மேல போகும்!" என்று மேலேயிருந்து கத்துவார். கீழே ஒருவருக்கும் கேட்காது. வீதியில் இறங்க வேண்டும். அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மகள் பள்ளி ஆசிரியை. காலை ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் பழ ஸ்மூத்தி அடித்துக் கொடுத்து ஆறே வாரத்தில் அவரை நாற்பத்தாறிலிருந்து நாற்பத்தொன்பது முந்நூறுக்கு ஏற்றியிருந்தாள். அந்த நேரம் பார்த்துத் தேர்வுத்தாள் திருத்த வெளியூருக்கு உத்தரவு வந்தது. பத்து நாள். உள்ளே போனால் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், சாயங்காலம்தான் திருப்பித் தருவார்கள். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் எடை.

பொறுப்பு மருமகன் தலையில் விழுந்தது.

மருமகன் பெயிண்ட் கடையில் நிறம் கலக்குகிறவர். ஊரில் அவருக்குப் பெயரே சொட்டு. உடைந்த ஓடு, சட்டைத் துணி, சுவரிலிருந்து பெயர்ந்த சுண்ணாம்பு, எதைக் கொண்டு வந்து நீட்டினாலும் அதே நிறத்தைக் கலந்து கொடுப்பார். ஒரு லிட்டருக்கு மூன்று சொட்டு மஞ்சள், ஒரு சொட்டு சிவப்பு, கண் கூசினால் அரைச் சொட்டு கருப்பு. கடைச் சுவரில் 'பேரம் பேச வேண்டாம்' என்று எழுதியிருக்கும். அதுவும் அவர் கலந்த நிறம்தான். யாராவது விலை குறைக்கச் சொன்னால் அந்தப் பலகையை விரலால் காட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். இருபது வருடமாக அந்த விரல்தான் அவருக்கு வாய்.

மாமனாருக்கும் மருமகனுக்கும் மரியாதைக்குக் குறைவே இல்லை. கல்யாணமான பதினெட்டு வருடத்தில் அவர்கள் பேசியதைச் சேர்த்து எழுதினால் ஒரு தபால் அட்டை நிரம்பாது. "சாப்பிட்டீங்களா மாமா?" "ஆச்சு மாப்பிள்ளை." அவ்வளவுதான்.

மனைவி கிளம்பும்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனாள். வாழைப்பழம் ஒன்று, பப்பாளி ஒரு துண்டு, பேரீச்சை ஆறு, ஊறிய பாதாம் ஒரு பிடி, கெட்டித் தயிர் கொஞ்சம், பால் தேவையான அளவு.

சொட்டு அந்தத் தாளின் முன் வெகுநேரம் நின்றார். துண்டு என்றால் எத்தனை விரல் அகலம்? பிடி என்றால் யாருடைய பிடி? கொஞ்சம் என்பது என்ன அளவு? அவர் தொழிலில் 'கொஞ்சம்' என்று எழுதினால் வாடிக்கையாளரின் படுக்கையறை ஒரு சுவரில் ரோஸாகவும் மறு சுவரில் செங்கல்லாகவும் நிற்கும். தலை சுற்றியது. தாளை நம்பிப் பயனில்லை என்று முடிவு கட்டினார்.

மிக்ஸி மூடியின் உள்பக்கம் மனைவி கடைசியாக அடித்த ஸ்மூத்தி ஒரு திட்டாகக் காய்ந்திருந்தது. சாட்சி கிடைத்துவிட்டது. இனி கவலை இல்லை. மூடியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். டியூப் லைட்டில் பார்த்த நிறம் வெயிலில் பல்லிளிக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

முதலில் தாளில் உள்ளபடி அடித்தார். வெளுத்துப் போயிற்று. வாழைப்பழம்தான் வெளுப்புக்குக் காரணம் என்று அதைக் கழித்தார். பேரீச்சை நிறத்தை மந்தமாக்கியது, அதையும் கழித்தார். பாதாம் சும்மா புள்ளி புள்ளியாக நின்றது, எதற்கு? பப்பாளியைக் கூட்டினார். சிவப்பு பற்றவில்லை, பீட்ரூட்டில் ஒரு நகக்கண் அளவு. இப்போது கண்ணைப் பறித்தது. கண்ணைப் பறித்தால் கருப்பு ஒரு சொட்டு விட வேண்டும். அடுக்களையில் கருப்புக்கு எங்கே போவது? காபி டிகாக்‌ஷன் இருந்தது. மூன்று சொட்டு விட்டார். அடங்கிற்று. வெள்ளைச் சாஸரில் மூடியிலிருந்த திட்டைத் தண்ணீர் தொட்டுக் கரைத்து ஒரு பொட்டு வைத்தார், பக்கத்தில் தான் அடித்ததில் ஒரு பொட்டு. பெற்ற தாய் வந்தாலும் எது எது என்று சொல்ல முடியாது.

டம்ளரை மாமனார் பக்கத்து ஸ்டூலில் வைத்தார்.

"குடிங்க மாமா."

பெரியவர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கலர் அப்படியே பொண்ணு போட்ட மாதிரியே இருக்கு மாப்பிள்ளை."

இதைவிட வேறென்ன வேண்டும்? சொட்டு சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். மதியம் வந்தபோது டம்ளர் காலியாக, கழுவி வேறு வைக்கப்பட்டிருந்தது. சாயங்காலமும் அப்படியே. மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள் காலை வீட்டுத் தராசில் மாமனாரைக் கைத்தாங்கலாக ஏற்றினார். நாற்பத்தொன்பது நூறு.

இருநூறு கிராம் இறக்கம். தராசைத் தட்டினார். தானே ஏறிப் பார்த்தார். தராசு ஒழுங்காகத்தான் இருந்தது, தன் எடை ஏறியிருந்ததுதான் அதிகப்படி.

அன்று சாயங்காலம் மனைவி போனில் வந்தாள்.

"அப்பா குடிக்கிறாரா?"

"ஒரு சொட்டு மிச்சம் வைக்கிறதில்ல. டம்ளரையே கழுவி வைக்கிறாரு. ஆனா எடை இறங்குது. ஒண்ணுமே புரியல."

"என்ன போட்டீங்க?"

சொட்டு சொன்னார்.

"டிகாக்‌ஷனா?"

"மூணே சொட்டு. இல்லன்னா கலர் அடங்கல."

"என்னங்க, நீங்க ஒரு வாய் குடிச்சுப் பார்த்தீங்களா?"

சொட்டுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. கலக்குகிறவன் கலக்கியதை வாயில் வைப்பானா? வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் முதலாளி சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். விரலில் பட்டால் துடை, வாய்க்குக் கொண்டுபோகாதே. இருபது வருடத்தில் அவர் கலந்த எதையும் அவர் ருசி பார்த்ததில்லை.

"கலர் பார்த்தேன்" என்றார்.

"அய்யோ கடவுளே! அதச் சுவத்துக்கா அடிக்கப் போறீங்க? சதை பிடிக்கிறதே வாழைப்பழத்துலயும் பேரீச்சையிலயும் பாதாம்லயும்தான். அதையெல்லாம் எடுத்துட்டுப் பீட்ரூட் தண்ணியக் குடுத்திருக்கீங்க. நாளைக்கு ஒழுங்கா அடிச்சு, குடிச்சுப் பார்த்துட்டுக் குடுங்க."

நாலாம் நாள் அவர் அடித்தது ஸ்மூத்தி. முந்தையதை என்ன பெயரிட்டு அழைப்பது என்று தெரியாததால் விட்டுவிடலாம். வாழைப்பழத்தைப் போட்டார், பேரீச்சையின் கொட்டையை நீக்கிப் போட்டார், பாதாமை அவர் பிடியில் ஒன்றும் மனைவியின் பிடியில் ஒன்றும் கற்பனை செய்து நடுவில் ஒரு பிடி போட்டார். பிறகு, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றார். நன்றாக இருந்தது. இனிப்பும் லேசான புளிப்பும் நாக்கில் வழுவழுவென்று இறங்கின. இன்னொரு கரண்டி எடுத்தார். மூன்றாவது கரண்டிக்குக் கை போனபோது இது மாமனாருடைய சதை என்ற ஞாபகம் வந்து நிறுத்தினார்.

"குடிங்க மாமா. இன்னைக்கு நல்லா வந்திருக்கு."

"நீங்க அடிச்சா சோடை போகுமா மாப்பிள்ளை?"

டம்ளர் காலி. சாயங்காலமும் காலி. ஐந்தாம் நாள் தராசு நாற்பத்தெட்டுத் தொள்ளாயிரம் காட்டியது.

இப்போது சொட்டுக்கு உண்மையிலேயே கிறுக்குப் பிடித்தது. மட்டமான சரக்கு கொடுத்தேன், இறங்கியது, நியாயம். முதல் தரமான சரக்கு கொடுக்கிறேன், இன்னும் இறங்குகிறது. இது எந்த ஊர் நியாயம்? டம்ளருக்குள் ஊற்றியது எங்கே போகிறது? கடையில் ஒரு நீல நிறத்துக்கு மஞ்சளை விட்டுப் பச்சையாக்கி, தலையில் அடித்துக்கொண்டு நின்றார். வாடிக்கையாளர் பச்சையே நன்றாக இருக்கிறது என்று வாங்கிப் போய்விட்டார். அதுவும் அவருக்குப் புரியவில்லை.

மதியம் வீட்டுக்கு ஏறும்போது மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரர் எதிரே வந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுக்க அடுத்தவர் காலைப் பார்த்து "கிளட்ச், கிளட்ச்" என்று கத்துவதால் அதுவே பெயராகிவிட்டது. எப்போதும் எலுமிச்சம்பழம் கசக்கியது மாதிரி இருக்கும் முகம், இன்று பளபளவென்று இருந்தது.

"என்ன கிளட்ச்சு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுங்கறே?"

"எல்லாம் உங்க கைராசிதாண்ணே. முதல் மூணு நாள் கொஞ்சம் ஒரு மாதிரியா இருந்துச்சு, நானும் டீக்குப் பதிலாச்சேன்னு கண்ண மூடிட்டு ஊத்திக்கிட்டேன். ஆனா நேத்தைலருந்து, அடேயப்பா! பாதாமா போடறீங்க?"

"எதுல?"

கிளட்ச்சின் முகத்தில் திடீரென்று பிரேக் விழுந்தது. "எதுலயும் இல்லண்ணே. பொதுவாச் சொன்னேன். பாதாம் நல்லதுன்னு. நான் வர்றேன், ஆள் காத்துட்டிருக்கு" என்று இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிப் போய்விட்டார்.

சொட்டு நடுப்படியில் நின்றார். டீக்குப் பதில் என்றால்? கிளட்ச்சின் மூஞ்சிக்கும் என் பாதாமுக்கும் என்ன சம்பந்தம்? தெரிந்ததும் தெரியாததுமாக மண்டைக்குள் ஏதோ நெளிந்தது.

ஆறாம் நாள் காலை டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு, "வர்றேன் மாமா" என்று குரல் கொடுத்து, வாசல் கதவைத் திறந்து சத்தமாகச் சாத்தினார். சாத்தியது உள்பக்கமிருந்து. பிறகு திருடன் மாதிரி அடுக்களைக்குள் நுழைந்து நின்றார். சொந்த வீட்டில், நாற்பத்தாறு வயதில்.

வாக்கர் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. பெரியவர் ஒரு கையில் டம்ளரோடு பால்கனிக்குப் போய்க்கொண்டிருந்தார். இரண்டு வீட்டுப் பால்கனிக்கும் நடுவே இடுப்பளவு சுவர். அதன் மேல் டம்ளரை வைத்துவிட்டு இருமினார். அந்தப் பக்கமிருந்து கிளட்ச் ஒரு டீ கிளாஸோடு வந்தார்.

"பெரியவரே, அண்ணனுக்குத் தெரிஞ்சு போச்சோன்னு பயமா இருக்கு. இன்னையோட நிறுத்திக்குவோம்."

"அப்ப இன்னைக்கு ரெண்டு டீ."

"என்னாது?"

"சரக்கு ஏறிப் போச்சுப்பா. முதல் மூணு நாள் என்ன சரக்கு, இப்ப என்ன சரக்கு? அன்னைக்கு விலைக்கே இன்னைக்கும் கேட்டா எப்படி?"

"நானா ஏத்தச் சொன்னேன்? ஒரு டீதான். வேணும்னா ரெண்டு பிஸ்கட் வச்சுக்குங்க."

"பிஸ்கட்டா! இதப் பாரு, கெட்டி எப்படி இருக்குன்னு பாரு." பெரியவர் டம்ளரைச் சாய்த்துக் காட்டினார். "ஊத்தினா விழுமா? விழாது. பேரீச்சை அப்படி. நம்பலையா? நானே குடிக்கிறேன் பாரு." ஒரு பெரிய வாய் குடித்தார். "ஆங்! வாசம் ஏறுது."

"ஒரு டீ, மூணு பிஸ்கட்."

"மூணு பிஸ்கட்டுக்கு இந்த வாய்தான் வரும்" என்று இன்னொரு வாய் குடித்தார். "கசப்பு இருக்கா? சக்கை இருக்கா?" மறுபடி ஒரு வாய். "நீ வேற இடத்துல போய் வாங்கிப் பாரு. ஐஸ் கட்டிய அள்ளிப் போட்டுத் தண்ணிய விப்பான்." இன்னும் ஒரு வாய்.

"பெரியவரே, சரக்கு குறையுது!"

"குறையட்டும். விலை குறையாது."

அடுக்களையில் நின்ற சொட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நாளாகத் தொடாத மனிதர், விற்கிற மும்முரத்தில் பாதி டம்ளரைத் தானே உள்ளே தள்ளிவிட்டார். அது அவருக்கே தெரியவில்லை. கன்னத்தில் நிறம் ஏறி, குரல் ஏறி, வாக்கரை விட்டு ஒரு கை வேறு காற்றில் வீசிக்கொண்டிருந்தது. பதினெட்டு வருடத்தில் மாமனார் இத்தனை வார்த்தை பேசி அவர் கேட்டதில்லை. கோபப்படுவதா, சிரிப்பதா என்று தெரியாமல் மிக்ஸி மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

பேரம் ஒன்றேகால் டீக்கும் மூன்று பிஸ்கட்டுக்கும் படிந்தது. கிளட்ச்சுக்குக் கிடைத்தது அடிமண்டி.

அன்று சாயங்காலம் சொட்டு டம்ளரை ஸ்டூலில் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு எதிரே நின்றார். விரல் தானாக எழுந்து சுவரைக் காட்டப் பார்த்தது. அங்கே பலகை இல்லை.

"மாமா, இது... முழுசா குடிக்கணும்."

பெரியவர் நிமிர்ந்தார். கண்ணில் ஒரு சின்ன மினுக்கு. "முழுசாவா? மாப்பிள்ளைக்காக ரெண்டு வாய் குடிக்கிறேன்."

"சரி மாமா."

மினுக்கு அணைந்துவிட்டது. பெரியவர் முகம் தொங்கிப் போயிற்று. "என்ன மாப்பிள்ளை, சொன்னதும் ஒத்துக்கிட்டீங்க? உடனே ஒத்துக்கிட்டா சரக்குல கோளாறுன்னு அர்த்தம். எனக்கு வேண்டாம்."

சொட்டுக்கு வியர்த்தது. ஒத்துக்கொண்டாலும் குற்றமா? ஒரு பக்கம் மரியாதை, மறுபக்கம் நாற்பத்தெட்டுத் தொள்ளாயிரம். கண்ணை மூடிக்கொண்டு, தன் கடையில் தினம் வந்து தன்னைப் படுத்துகிறவர்களை எல்லாம் நினைத்துப் பார்த்தார். அவர்கள் எப்படிப் பேசுவார்கள்?

"ரெண்டு வாயா? பதினாறு வாய் சரக்கு மாமா இது. ரெண்டு வாய்க்குக் கேட்டா பாதாமுக்கே கட்டாது."

பெரியவர் மெல்லத் திரும்பினார். "பாதாம் தோலோட இருக்கு."

"தோலா? எங்க காட்டுங்க பாப்போம்."

"பப்பாளி நேத்தைய சரக்கு. மூணு வாய்."

"இன்னைக்குக் காலைல வெட்டினது. பதினஞ்சு."

"நாலு. வயசானவன், வயிறு சின்னது."

"பிஸ்கட்டுக்கு இடம் இருந்த வயிறுதானே?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். பெரியவர் ஒரு நொடி திகைத்தார். பிறகு தொண்டை அதிர ஒரு சிரிப்பு சிரித்தார். "அடேயப்பா, மாப்பிள்ளை ஆளு வச்சுச் சரக்க வேவு பாக்கறீங்களா? சரி, அஞ்சு."

"வேண்டாம்னா விடுங்க மாமா. பக்கத்து வீட்டுல கேட்டுட்டே இருக்காங்க." சொட்டு டம்ளரோடு பால்கனி பக்கம் திரும்பி ஓரடி வைத்தார். இரண்டாவது அடி.

"நில்லுங்க!"

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் சொட்டுக்கு உச்சந்தலையில் ஏதோ ஜிவ்வென்று ஏறியது. பலகையை விரலால் காட்டி வாழ்ந்த மனிதருக்கு இப்படி ஒரு போதை உலகத்தில் இருப்பதே இதுவரை தெரியாது.

ஒன்பது வாய்க்கு முடிந்தது. அதற்கு முன் 'தரம் பார்க்கிறேன்' என்று மூன்று வாய், முடிந்த பிறகு 'கொசுறு' என்று சொட்டு அழுத்திக் கேட்டு வாங்கியது நாலு. டம்ளரில் அடிமண்டிகூட மிச்சமில்லை. பெரியவர் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "மாப்பிள்ளை, நல்லா வருவீங்க" என்றார்.

ஏழாம் நாள் மனைவி போன் பண்ணினாள்.

"இப்ப குடிக்கிறாரா?"

"குடிக்கிறாரு. ஆனா சும்மா குடுத்தா குடிக்க மாட்டேங்கிறாரு. ஒவ்வொரு வாய்க்கும் பேரம் பேச வேண்டியிருக்கு."

"பின்ன? பேரம் பேசாம எப்படிக் குடிப்பாரு?"

"அத நீ சொல்லவே இல்லையே!"

"இதையெல்லாமா சொல்லுவாங்க?" என்றாள் அவள், உண்மையான ஆச்சரியத்தோடு. "அப்ப நீங்க இத்தனை நாள் எப்படித்தான் குடுத்தீங்க?"

சொட்டு கிளட்ச்சைப் பற்றி மூச்சு விடவில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளை மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை படித்தார். வாழைப்பழம், பப்பாளி, பேரீச்சை, பாதாம், தயிர், பால். இந்த ஆறுக்குள் எது பேரம் என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

ஏழு, எட்டு இரண்டு நாளும் கடைக்கு அரை நாள் லீவு போட்டு, வேளைக்கு ஒன்றாக மூன்று டம்ளர் தள்ளினார். தொண்டை கட்டிக்கொண்டது. ஒன்பதாம் நாள் காலை பெரியவரை நாற்காலியில் வைத்து அவரும் கிளட்ச்சுமாகத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். "மெதுவா, கிளட்ச்ச அமுக்கிப் பிடி" என்று பெரியவர் மேலேயிருந்து பாடம் நடத்திக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரித் தராசில் ஏறி நின்றதும் சரியாக ஐம்பது காட்டியது. சொட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. நர்ஸுக்குக் கலங்கவில்லை. அவர் தலையைச் சாய்த்துப் பெரியவரின் சட்டையைப் பார்த்தார்.

"பையில என்ன தாத்தா, தொங்குது?"

"ஒண்ணும் இல்லம்மா. ஒரு பழைய பூட்டு. ஞாபகத்துக்கு வச்சிருக்கேன்."

"எடுங்க."

ஒரு பூட்டு வந்தது. அடுத்த பையிலிருந்து இன்னொன்று. பிறகு ஒரு சாவிக்கொத்து. தராசு நாற்பத்தொன்பது அறுநூறில் போய் நின்றது.

"தேதி இல்லை" என்றார் டாக்டர், சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "நாலு மாசம் கழிச்சு வாங்க."

பெரியவர் பேரம் பேசவில்லை. அதுதான் சொட்டுக்குப் பயமாக இருந்தது. நாற்பத்தைந்து வருடம் ஒரு விலைக்கும் தலையாட்டாத மனிதர் குனிந்து பூட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நாற்காலி இவ்வளவு பெரிதாகவும் ஆள் இவ்வளவு சின்னதாகவும் ஒருநாளும் தெரிந்ததில்லை.

சொட்டின் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

"டாக்டர், நீங்க கேட்டது ஐம்பது. நாங்க மறுக்கல. ஆனா அது என்னைக்கு வேணும்? இன்னைக்கா, ஆபரேஷன் அன்னைக்கா?"

டாக்டர் தலையைத் தூக்கினார்.

"இன்னைக்குத் தேதி போட்டாலும் நாளைக்கே மேஜையில ஏத்தப் போறீங்களா? ரெண்டு வாரமாவது ஆகும். சரக்கு வேண்டியது டெலிவரி அன்னைக்குத்தானே? அன்னைக்கு ஐம்பது இல்லைன்னா எங்களைத் திருப்பி அனுப்புங்க, நாங்க ஒரு வார்த்தை பேச மாட்டோம்."

"இது ஆஸ்பத்திரிங்க. மார்க்கெட் இல்லை."

"தெரியும் டாக்டர். மூணு நாள்ல எழுநூறு கிராம் ஏத்தியிருக்கேன். இந்த ஓட்டத்துல நாலு மாசம் நிறுத்தினா அவரு உங்க தராசுல அடங்க மாட்டாரு."

நர்ஸ் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் காலண்டரைப் புரட்டினார். "இன்னைலருந்து பன்னிரண்டாம் நாள் ஒரு இடம் இருக்கு. ஆனா ஐம்பதரை வேணும்."

"ச..." என்று சொட்டு ஆரம்பித்தார். பின்னாலிருந்து அவருடைய சட்டையை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

"உடனே ஒத்துக்காதீங்க மாப்பிள்ளை" என்று பெரியவர் காதோரம் கிசுகிசுத்தார்.

சொட்டு தொண்டையைச் செருமினார். "முதல்ல சொன்ன வார்த்தை ஐம்பது டாக்டர். வார்த்தைய மாத்தக் கூடாது."

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர்களை வெளியே அனுப்ப இது ஒன்றே வழி என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "ஐம்பது. காலைல வெறும் வயித்துல. பையெல்லாம் காலி பண்ணிட்டு" என்று தேதியை எழுதி நீட்டினார்.

ஆட்டோவில் வரும்போது சொட்டு அந்தச் சீட்டைத் திருப்பி, பேனாவை எடுத்தார். தான் என்ன செய்தோம், எப்படிச் செய்தோம் என்று இன்னும் அவருக்குத் தெளியவில்லை. பெரியவர் எட்டிப் பார்த்து, "பாக்கி முந்நூறுன்னு போடுங்க மாப்பிள்ளை, காலைல மூக்கு சிந்தினதுல நூறு போயிருக்கும்" என்றார். சொட்டு அதற்கு மசியவில்லை. எழுதினார்:

வேண்டியது ஐம்பது கிலோ. வந்தது நாற்பத்தொன்பது அறுநூறு. பூட்டு, சாவி தள்ளுபடி. பாக்கி நானூறு கிராம். தவணை பன்னிரண்டு நாள்.